இரண்டாவது ரவுண்டில் கால் கல்லாவது ஏன்?

கேள்வி: எனக்கு 21 வயது, எடை 68 கிலோ. இரண்டாம் நிலைக் காவலர் உடற்தகுதித் தேர்வுக்குத் தயாராகிறேன். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். எங்கள் மைதானத்தில் ஒரு ரவுண்டு 400 மீட்டர். முதல் ரவுண்டை 80 வினாடியில் முடித்துவிடுகிறேன். இரண்டாவது ரவுண்டு பாதியிலேயே தொடை கல்லாகிவிடுகிறது. அப்புறம் இழுத்து இழுத்து 7 நிமிடம் 20 வினாடியில் வந்து சேர்கிறேன். ஓடுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் குளுக்கோஸ் பவுடர் கரைத்துக் குடிக்கிறேன். பயிற்சி தரும் அண்ணன், "லாக்டிக் ஆசிட் விஷம் மாதிரி தேங்குது, மறுநாள் வலிக்கும் அதுதான் காரணம்" என்கிறார். கிரியேட்டின் பவுடர் வாங்கச் சொல்கிறார். கடன் வாங்கித்தான் வாங்க வேண்டும். வீட்டில் ரேஷன் அரிசிச் சோறு, காலையில் பழைய சோறு. சோறு சாப்பிடுவதால்தான் சக்தி போதவில்லையா? உடம்புக்குள் சக்தி எங்கே இருக்கிறது, ஏன் இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது? தேர்வுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.

(புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து, பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: தம்பிக்கு வணக்கம். கடன் வாங்க வேண்டாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏன் வேண்டாம் என்பதற்குக் கொஞ்சம் விளக்கம் தேவை. பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் நீங்கள் கேட்ட கடைசிக் கேள்விதான் மற்ற எல்லாவற்றுக்கும் சாவி.

உங்கள் சக்தி இரண்டு நிமிடத்தில் தீரவில்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓடும்போது ஒரு கிலோ உடல் எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும். உங்கள் 68 கிலோவுக்கு 1500 மீட்டர் என்றால் சுமார் 100 கலோரி. மாவுச்சத்தாகப் பார்த்தால் 25 கிராம். வேகத்தில் கொஞ்சம் வீணாகிறது என்று வைத்து அதை இரண்டு மடங்காக்கினாலும் 50 கிராம்தான். நன்றாகச் சாப்பிடுகிற ஒருவரின் தசைகளில் கிளைகோஜன் என்ற வடிவத்தில் 400 கிராம் அளவுக்கு மாவுச்சத்து இருப்பு இருக்கும். கல்லீரலில் இன்னொரு 100 கிராம். உங்களைப் போல் ஒல்லியான இளைஞனிடம்கூட கொழுப்பாகச் சேர்ந்திருப்பது பல கிலோ; ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி. ஆக, 600 மீட்டரில் கால் கல்லாகும்போது உங்கள் இருப்பு பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. அதை எந்த வேகத்தில் எடுத்துக் கொடுக்க முடிகிறது என்பதில்தான் சிக்கல்.

தசை சுருங்குவதற்கு கிளைகோஜனையோ கொழுப்பையோ நேரடியாகப் பயன்படுத்த முடியாது. செல்லுக்குள் நடக்கும் பெரும்பாலான வேலைகளுக்கு ஏடிபி என்ற மூலக்கூறுதான் வேண்டும். அதன் வால்பகுதியில் மூன்று பாஸ்பேட்டுகள் வரிசையாக இருக்கும். கடைசி பாஸ்பேட் பிரியும்போது கிடைக்கும் ஆற்றலில்தான் தசை நார் ஒன்றையொன்று இழுக்கிறது. பிரிந்ததை மறுபடி ஒட்டவைத்தால் ஏடிபி திரும்பத் தயார். இதில் ஆச்சரியம் என்னவென்றால், ஏடிபியை உடம்பு சேமித்து வைப்பதே இல்லை. முழு வேகத்தில் ஓடினால் தசையில் இருக்கும் ஏடிபி இரண்டு மூன்று வினாடிக்குத்தான் காணும். ஆனால் ஒரு நாளில் நாம் செலவழிக்கிற ஏடிபியை எல்லாம் கூட்டினால் ஏறக்குறைய நம் உடல் எடை அளவுக்கு வந்துவிடும். இருக்கிற கொஞ்சத்தையே நூற்றுக்கணக்கான தடவை பிரித்து, ஒட்டி, பிரித்து, ஒட்டித்தான் நாள் ஓடுகிறது. நீங்கள் இந்தக் கடிதத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போதும் அதுதான் நடக்கிறது.

அப்படி ஒட்டுவதற்குத் தசைக்கு மூன்று வழி இருக்கிறது. மிக வேகமானது பாஸ்போகிரியேட்டின். தன்னிடம் இருக்கும் பாஸ்பேட்டை உடனே எடுத்துக் கொடுத்துவிடும், ஆனால் முழு வீச்சில் பத்து வினாடி அளவுக்குத்தான் தாங்கும். அடுத்தது, ஆக்சிஜனுக்குக் காத்திராமல் குளுக்கோஸைப் பாதியில் உடைப்பது. இதுவும் வேகம்தான், ஆனால் ஒரு குளுக்கோஸுக்கு 2 ஏடிபிதான் மிஞ்சும். கிளைகோஜனிலிருந்து எடுத்தால் 3. மூன்றாவது வழி, செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணிய உறுப்புகளில். அங்கே ஆக்சிஜன் உதவியோடு முழுவதுமாக எரித்தால் அதே ஒரு குளுக்கோஸுக்கு 30 ஏடிபிக்கு மேல் கிடைக்கும். கொழுப்பையும் அங்கேதான் எரிக்க முடியும். ஆனால் இது நிதானமான வழி. ஓட ஆரம்பித்ததும் ஆக்சிஜன் வரத்து தேவைக்கு ஏற்ற அளவை எட்டவே இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும்.

மைட்டோகாண்ட்ரியா எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசை. சாப்பாட்டிலிருந்து பிரித்தெடுத்த எலக்ட்ரான்கள் அதன் உள்சவ்வில் ஒரு புரதத்திலிருந்து இன்னொரு புரதத்துக்குக் கைமாறிக் கடைசியில் ஆக்சிஜனிடம் போய்ச் சேர்ந்து தண்ணீராகின்றன. மூச்சில் இழுக்கிற ஆக்சிஜனுக்கு முக்கியமான வேலையே இதுதான். எலக்ட்ரான்கள் அப்படி நகரும்போது கிடைக்கிற ஆற்றலில், அந்தப் புரதங்கள் ஹைட்ரஜன் அயனிகளைச் சவ்வுக்கு அந்தப் பக்கம் தள்ளித் தேக்குகின்றன. மேட்டூரில் தண்ணீரைத் தேக்கி, மதகு வழியாக இறக்கி, டர்பைனைச் சுற்றவிடுவது போலத்தான் அடுத்த கட்டம். தேங்கிய அயனிகள் திரும்பி வருவதற்கு ஒரே ஒரு முக்கிய வழி. அந்த வழியில் ஒரு புரதம் நிஜமாகவே சுழல்கிறது, வினாடிக்கு நூறு தடவைக்கு மேல்கூட. அது சுழலச் சுழல ஏடிபி பிறக்கிறது. 1961-இல் பீட்டர் மிட்செல் என்ற ஆங்கிலேயர் சவ்வின் இரு பக்கமும் உள்ள அயனி வேறுபாடுதான் காரணம் என்று எழுதியபோது அந்தத் துறையில் பலர் நம்பவில்லை. 1978-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சுழலும் புரதத்தின் இயக்கத்தை விளக்கிய பால் பாயர், ஜான் வாக்கர் இருவருக்கும் 1997-இல் கிடைத்தது.

நீங்கள் சோற்றைப் பற்றிக் கேட்டதற்கும் இங்கேயே பதில் இருக்கிறது. நெற்பயிரின் இலையில், பசுங்கணிகத்துக்குள், இதே ஏற்பாடுதான். அங்கே சூரிய ஒளி எலக்ட்ரான்களை உந்திவிடுகிறது, அயனிகள் ஒரு பக்கம் தேங்குகின்றன, அதே வகைப் புரதம் சுழன்று ஏடிபியை உண்டாக்குகிறது. 1966-இல் ஆண்ட்ரே ஜாகெண்டார்ஃப் என்ற அமெரிக்கர் கீரையிலிருந்து பிரித்த பசுங்கணிகங்களை முதலில் அமிலக் கரைசலில் ஊறவைத்து, பிறகு இருட்டிலேயே காரக் கரைசலுக்கு மாற்றினார். வெளிச்சமே இல்லாமல் ஏடிபி உருவானது. அயனி வேறுபாடு இருந்தால் போதும், வேலை நடந்துவிடும் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டியதில்லை. இலை அந்த ஏடிபியைக் கொண்டு காற்றிலிருக்கும் கரியமில வாயுவைச் சர்க்கரையாக்கி, நெல்மணியில் மாவுச்சத்தாகச் சேர்க்கிறது. உங்கள் தொடையில் இருக்கும் கிளைகோஜனும் அந்த மாவுச்சத்தும் குளுக்கோஸ் அலகுகளைக் கோத்த சங்கிலிகள்தான். கிளைகோஜனில் கிளைகள் அதிகம், அவ்வளவே. சோறு சாப்பிடுவதால் சக்தி குறைகிறது என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். கிளைகோஜனை நிரப்ப ரேஷன் அரிசியும் நல்ல அரிசிதான்.

சரி, உங்கள் முதல் ரவுண்டுக்கு வருவோம். 7 நிமிடத்தில் 1500 மீட்டர் என்றால் ஒரு ரவுண்டுக்கு 112 வினாடி. நீங்கள் 80 வினாடியில் ஓடுகிறீர்கள். தேர்வுக்குத் தேவையான வேகத்தைவிட இது மிக அதிகம், அதுவும் மைட்டோகாண்ட்ரியா இன்னும் முழு வேகத்துக்கு வராத நேரத்தில். பாஸ்போகிரியேட்டின் சீக்கிரமே வற்றிவிடுகிறது. மிச்சச் சுமை எல்லாம் இரண்டாவது வழியின் தலையில். அது வேகமாகத்தான் கொடுக்கிறது, ஆனால் கூடவே தசைக்குள் பாஸ்பேட்டும் ஹைட்ரஜன் அயனிகளும் குவிகின்றன. பாஸ்போகிரியேட்டின் உடைந்ததில் மிஞ்சிய பாஸ்பேட், தசை நாரின் பிடிப்பைத் தளர்த்துகிறது. சுருங்கச் சொல்லும் கால்சியம் சரியாக வெளிவராமலும் தடுக்கிறது. நீங்கள் கல் என்று சொல்வது இந்த நிலையைத்தான். இது ஒரு பாதுகாப்பும்கூட. ஏடிபி அடியோடு வற்றினால் தசை விறைத்துச் சேதமாகிவிடும். அந்தக் கட்டத்துக்குப் போகவிடாமல் உடம்பு முன்கூட்டியே வேகத்தைக் குறைக்கிறது. முதல் ரவுண்டில் மிச்சம் பிடித்த முப்பது வினாடிக்கு விலையாக, பாக்கி 1100 மீட்டரை ரவுண்டுக்கு 130 வினாடி என்ற கணக்கில் இழுத்திருக்கிறீர்கள்.

அண்ணன் சொன்ன லாக்டிக் அமிலக் கதை அவர் கற்பனை இல்லை. ஒரு காலத்தில் பெரிய விஞ்ஞானிகளே அதை நம்பினார்கள். 1907-இல் கேம்பிரிட்ஜில் ஃபிளெட்சரும் ஹாப்கின்ஸும், களைத்துப்போன தவளைத் தசையில் லாக்டிக் அமிலம் சேர்வதையும், ஆக்சிஜன் கொடுத்தால் அது மறைவதையும் காட்டினார்கள். பிறகு ஆர்ச்சிபால்ட் ஹில், ஓட்டோ மேயர்ஹாஃப் இருவருடைய ஆய்வுகளுக்கு 1922-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. தசையைச் சுருங்க வைப்பதே லாக்டிக் அமிலம்தான் என்ற எண்ணம் அப்போது ஓங்கியிருந்தது.

அந்த எண்ணத்தை அசைத்தவர்களில் ஒருவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் என்பதை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எல்லாப்பிரகட சுப்பாராவ், 1895-இல் அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தவர். 1920-களில் பாஸ்டனுக்குப் போய், ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் சைரஸ் ஃபிஸ்க்கோடு சேர்ந்து, திரவங்களிலும் திசுக்களிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க ஒரு முறையை உருவாக்கினார். பாஸ்பரஸ் இருந்தால் கரைசல் நீலமாகும். தசைச் சாற்றை அப்படிச் சோதித்தபோது நீலம் எதிர்பார்த்ததைவிடத் தாமதமாகவே ஏறியது. வேறு யாராவது என்றால் சோதனைப் பிழை என்று விட்டிருக்கக்கூடும். இவர்கள் விடவில்லை. உள்ளே ஏதோ ஒன்று மெல்ல உடைந்து பாஸ்பேட்டை வெளியே விடுகிறது என்று பிடித்துக்கொண்டார்கள். அதுதான் 1927-இல் வெளியான பாஸ்போகிரியேட்டின். அதே ஆண்டு லண்டனில் எக்கிள்டன் தம்பதியும் தனியாக அதைக் கண்டார்கள். 1929-இல் ஏடிபியும் வெளிச்சத்துக்கு வந்தது. மேயர்ஹாஃபின் ஆய்வகத்தில் கார்ல் லோமான் ஒரு பக்கம், ஹார்வர்டில் ஃபிஸ்க்கும் சுப்பாராவும் இன்னொரு பக்கம். நம் பாடப்புத்தகங்கள் இந்த மனிதருக்கு இன்னும் நிறைய இடம் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

அதற்கு அடுத்த வருடம், 1930-இல், டென்மார்க்கின் ஐனர் லுண்ட்ஸ்கார்ட், லாக்டிக் அமிலமே உருவாக முடியாதபடி தவளைத் தசையை ஒரு ரசாயனத்தால் தடுத்துவிட்டுப் பார்த்தார். தசை அப்போதும் சுருங்கியது. பாஸ்போகிரியேட்டின் தீரும்வரை சுருங்கி, அப்புறம் விறைத்துப்போனது, லாக்டிக் அமிலம் இல்லாமலேயே. பழைய கருத்து அதோடு நிற்க முடியாமல் போனது. மைதானங்களில்தான் அது இன்னும் உலவிக்கொண்டிருக்கிறது.

உண்மையில் லாக்டேட், அதாவது இரண்டாவது வழியில் உண்டாகும் லாக்டிக் அமிலம் உடம்புக்குள் இருக்கும் வடிவம், ஒரு எரிபொருள். கால் தசையில் உருவாகி ரத்தத்தில் கலந்ததும், இதயமும் மற்ற தசைகளும் அதை எடுத்து எரிக்கின்றன. கல்லீரல் அதைத் திரும்பக் குளுக்கோஸாக்குகிறது. இந்தச் சுற்றைக் கண்டுபிடித்த கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதி 1947-இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஓட்டம் முடிந்து சுமார் ஒரு மணி நேரத்தில் ரத்தத்தில் லாக்டேட் பழைய நிலைக்கு வந்துவிடும். உட்காராமல் மெதுவாக நடந்துகொண்டிருந்தால் இன்னும் சீக்கிரம். மறுநாள் காலையில் வலிக்கிற நேரத்தில் அது அங்கே இருக்காது. அந்த வலி, பழக்கமில்லாத உழைப்பில் தசை நார்களில் ஏற்பட்ட நுண்ணிய சேதத்தால் வருவது. இரண்டு மூன்று நாளில் சரியாகும். அண்ணனிடம் வாதாட வேண்டியதில்லை. ஓடிய பிறகு பத்து நிமிடம் நடக்கச் சொல்லிக் கொடுத்தால் அவர் பிள்ளைகளுக்கும் நல்லது என்று மரியாதையாகச் சொல்லிப் பாருங்கள்.

குளுக்கோஸ் பவுடர் விஷயம் சுருக்கமானது. குடித்த குளுக்கோஸ் குடலிலிருந்து ரத்தத்துக்குப் போய்த் தசையில் எரிவது அதிகபட்சம் நிமிடத்துக்கு ஒரு கிராம் அளவில்தான். பத்து நிமிடம் முன்னால் குடித்ததில் பெரும்பகுதி நீங்கள் ஓடும்போது வயிற்றில் குலுங்கிக்கொண்டுதான் இருக்கும். தேவையான குளுக்கோஸ் ஏற்கெனவே தொடைக்குள் இருக்கிறது. குடித்ததும் ஒரு தெம்பு வருகிறதே என்று உங்களுக்குத் தோன்றலாம். அது பொய் இல்லை. இனிப்பு நாக்கில் பட்டதும் மூளை கொஞ்சம் சுறுசுறுப்பாகிறது என்பதைச் சைக்கிள் வீரர்களிடம் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஆனால் உங்கள் 20 வினாடியை அது மீட்டுத் தராது.

மீட்டுத் தருவது மைட்டோகாண்ட்ரியா. ஏழு நிமிட ஓட்டத்துக்கு வேண்டிய ஆற்றலில் முக்கால் பங்குக்கு மேல் அங்கிருந்துதான் வருகிறது. நல்ல செய்தி என்னவென்றால், அது வளரக்கூடியது. 1967-இல் ஜான் ஹாலோசி எலிகளைப் பல வாரம் ஓடவிட்டு, அவற்றின் தசையில் மைட்டோகாண்ட்ரியா நொதிகளின் வேலைத்திறன் ஏறக்குறைய இரண்டு மடங்கானதைக் காட்டினார். மனிதத் தசையும் இப்படித்தான், சில வாரத்திலேயே மாற ஆரம்பிக்கும். உங்களுக்கு மூன்று மாதம் இருக்கிறது. அது போதும்.

இன்றிலிருந்து தினமும் 1500 மீட்டரை முழு மூச்சில் ஓடிப் பார்ப்பதை நிறுத்துங்கள். வாரத்தில் நான்கு நாள், பக்கத்தில் ஓடுகிறவரோடு பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில், 30 நிமிடத்தில் ஆரம்பித்து மெல்ல 40 நிமிடத்துக்குக் கொண்டுபோங்கள். நிதானம் என்பதால் இது வீண் என்று தோன்றும், கூட இருப்பவர்கள் கிண்டலும் செய்யலாம். இதுதான் அஸ்திவாரம். ஒரு நாள் மட்டும் 400 மீட்டரை 105 வினாடியில் ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, ஐந்து முறை. மூன்று வாரம் கழித்து இந்த வகை இன்னொரு நாளைச் சேர்க்கலாம், நிதான ஓட்டம் ஒன்றைக் குறைத்துக்கொண்டு. ஒரு நாளாவது முழு ஓய்வு கட்டாயம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 1500 மீட்டரை நேரம் வைத்து ஓடுங்கள், அதுவும் முதல் ரவுண்டு 110 வினாடிக்குக் குறையாமல். கையில் கடிகாரம் இல்லையென்றால் 200 மீட்டர் குறியில் ஒருவரை நிறுத்தி 55 என்று கத்தச் சொல்லுங்கள். எல்லா ரவுண்டும் 110 வினாடி என்றால் மொத்தம் 6 நிமிடம் 53 வினாடிக்குள் முடிந்துவிடும். தேர்வு நாளில் விசில் ஊதியதும் எல்லாரும் பாய்ந்து போவார்கள். உங்களைத் தாண்டிப் போகிறவர்களைப் போகவிடுங்கள். ஓடுவதற்கு முன் பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்கிக்கொண்டால் ஆக்சிஜன் வரத்து சீக்கிரம் எழும், முதல் ரவுண்டின் சுமை குறையும்.

சாப்பாட்டில், சோற்றோடு பருப்போ, நிலக்கடலையோ, முட்டையோ தினமும் இருக்கட்டும். தசையைச் சீர்செய்ய அது வேண்டும். காலையில் பழைய சோறு தொடரலாம், ஓட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால், அளவாக. இரவு முழுக்கச் சாப்பிடாமல் இருக்கும்போது கல்லீரலின் கிளைகோஜன்தான் மூளைக்காகச் செலவாகிறது. தசையிலிருப்பதை ரத்தத்துக்கு விடும் நொதி தசையில் இல்லை, அதனால் அது அங்கேயே பத்திரமாக இருக்கும். காலையில் கொஞ்சம் சாப்பிடுவது கல்லீரல் இருப்பை நிரப்பும், தலை கிறுகிறுக்காமல் இருக்கும்.

கிரியேட்டின் மோசடிப் பொருள் இல்லை, நன்றாக ஆராயப்பட்டதுதான். தசையில் பாஸ்போகிரியேட்டின் இருப்பைக் கூட்டும். பத்து வினாடி வேலைகளுக்கு, அதாவது கயிறு ஏறுவதற்கும் 100 மீட்டருக்கும், கொஞ்சம் உதவலாம். ஆனால் தசையில் தண்ணீரைப் பிடித்து ஒரு கிலோ, இரண்டு கிலோ எடையைக் கூட்டும். அந்த எடையை 1500 மீட்டருக்கும் நீங்கள்தான் சுமக்க வேண்டும். உடம்பே தினமும் சுமார் ஒரு கிராம் கிரியேட்டின் செய்துகொள்கிறது, மீனிலும் கறியிலும் கிடைக்கிறது. கடன் வாங்கிச் சாப்பிடுகிற அளவுக்கு உங்கள் தேர்வில் அதற்கு வேலை இல்லை.

பணம் செலவழிக்காமல் இந்த வாரமே செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்ளுங்கள். மைட்டோகாண்ட்ரியா எவ்வளவு வளர்ந்தாலும் ஆக்சிஜனைச் சுமந்து வருவது ஹீமோகுளோபின்தான். ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழே என்றால் ரத்தசோகை. அப்படி இருந்தால் மருத்துவர் காரணத்தைப் பார்த்து மாத்திரை தருவார். அது சரியாகும்வரை 105 வினாடி ரவுண்டுகளைத் தள்ளிவைத்து நிதான ஓட்டம் மட்டும் செய்யுங்கள். ஓடும்போது நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால் அன்றோடு ஓட்டத்தை நிறுத்திவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஹீமோகுளோபின் அளவையும் முதல் இரண்டு வாரத்தின் நேரத்தையும் எழுதி அனுப்புங்கள், ரவுண்டுக் கணக்கை அதற்கேற்ப மாற்றித் தருகிறேன்.